கப்பல் பில்லில் படுக்கைக் காசு

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீசுக்கு, புத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். சென்னையிலிருந்து கப்பலில் சுற்றிவர மகன் புக் செய்து அனுப்பிய பில்லை நீட்டினார். கப்பல் துறைமுகத்தில் நிற்பதற்கான கட்டணம், ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்த தொகையில் விரலை வைத்தார்.

“அது ரூம் பெருக்கி, படுக்கை போட்றவங்களுக்குண்ணா. ஆளுக்கு, நாளுக்கு இவ்ளோன்னு.”

“அத்த எடுத்துடும்மா. மலைக்குப் போனா நாங்களே பாய் விரிச்சிக்கினு, நாங்களே சுருட்டி வெச்சிடுவோம். எங்களுக்கு எதுக்கு ஆளு?”

“அதெல்லாம் எடுக்க முடியாதுண்ணா!”

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவர் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

என் கணவருக்கும் கப்பலில் அந்த வேலைதான், வேறொரு கடலில். லீவு முடிந்து கிளம்பிய காலையிலும் எங்கள் கட்டில் விரிப்பை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிவிட்டுத்தான் போனார்.

அன்றும் வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்தேன். அவர் போய் நாலு மாதமாகிறது. அந்த விரிப்பை நான் இன்னும் கலைக்கவில்லை.