குடைக்காகத் திரும்பி வந்த பல்லி

பல்லிகளுக்குத் தமிழ் எழுதுவதுதான் என் வேலை. யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மைசூர் சரஸ்வதிபுரத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கார்ட்டூன் படம் வரைகிறார்கள். டைரக்டர் கன்னடக்காரர். அவர் யோசித்ததுதான் இந்தத் தொடர். ஒரு வீட்டு ஹாலில், சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லிக் குடும்பம். எதிரே டிவி. வீட்டார் எதைப் பார்க்கிறார்களோ அதையே பல்லிகளும் பார்க்கின்றன. பார்த்ததையெல்லாம் தங்கள் குடும்பத்தில் நடித்துக் காட்டுகின்றன. அப்பா பல்லிக்கு வால் அறுந்து விழுந்தால், அந்த வாலுக்குப் பழைய சினிமா பாணியில் ஒரு சாவு சீன் உண்டு. வால் துள்ளிக்கொண்டே, சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லும். டாக்டர் பல்லி வந்து கண்ணாடியைக் கழற்றும். மாமியார் பல்லி உள்ளே நுழைந்தால் சீரியல் மாதிரி மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டுவோம். செய்தி விவாதம் என்றால் ஆறு கட்டத்தில் ஆறு ஈசல்கள் ஒரே நேரத்தில் கத்தும். நடத்துகிற பல்லி ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே, "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்" என்று சொல்லும். சிரிப்புச் சத்தம் சேர்ப்பதில்லை. ஜோக் முடிந்ததும் எங்கோ ஒரு நிஜப் பல்லி 'ச்சு ச்சு' என்று சொல்லும். பல்லி சொன்னால் பலிக்கும் என்று நம்புகிற ஊர்களுக்கு அது போதும்.

கன்னடத்தில் இது நன்றாக ஓடியது. சென்னையிலிருந்து ஒரு சேனல் தமிழிலும் கேட்டது. டைரக்டர் நேராக என் மேஜைக்கு வந்தார். அதுவரை நான் அங்கே கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். அண்ணனும் நானும் யாதவகிரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் தமிழ், சண்டை போடும்போது இரண்டும். தமிழ் எழுத்தை எனக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை. சினிமா போஸ்டரைப் பார்த்து எழுத்துக் கூட்டித் தெரிந்துகொண்டதுதான். ஆகவே, எழுத முடியுமா என்று அவர் கேட்டபோது எனக்கு உள்ளூரப் பயம். வெளியே மட்டும், "இதென்ன பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டேன்.

சேனல் ஒரு நிபந்தனை போட்டது. மாதிரிக்கு ஒரு எபிசோடு நாங்கள் எழுதி, குரலும் கொடுத்து அனுப்ப வேண்டும். பிடித்தால் எல்லாம் மைசூரிலேயே. பிடிக்காவிட்டால் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தமிழைச் சென்னையில் எழுதிக்கொள்வார்கள். அதாவது, என் தமிழ் தமிழ்தானா என்பதைச் சென்னை பார்த்துச் சொல்லும். தோற்றால் நான் சம்பளப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அப்பா பல்லிக்குக் குரல் கொடுக்க அண்ணனைப் பிடித்தேன். அவனுக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. அப்படிப்பட்ட தொண்டையில் சோகம் பேசினால் தானாகவே சிரிப்பு வரும்.

மாதிரி எபிசோடில் ஒரு பழைய குடும்பப் படத்தைக் கிண்டல் செய்திருந்தோம். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். தமிழில் வந்து, பிறகு கன்னடத்திலும் எடுத்த கதை. மழையில் அண்ணன்காரன் வீட்டை விட்டு வெளியேறுவான். எல்லாரும் அழுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எங்கள் எபிசோடில் அப்பா பல்லி அதே மாதிரி கோபித்துக்கொண்டு போய், அதே மாதிரி குடைக்குத் திரும்பி வரும். அதன் மேல்தான் மொத்தச் சிரிப்பும் நின்றது. கன்னட எபிசோடைப் பார்த்தபோதே எனக்கு ஒரே பெருமை. மூலமே எங்கள் தமிழ்ப் படம்தானே, தமிழில் இன்னும் நன்றாக எடுபடும் என்று நினைத்தேன்.

அனுப்பிய இரண்டாம் நாள் சேனலில் பொறுப்பாக இருந்த அம்மாள் போன் செய்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். அப்பா பல்லி ஏன் குடை எடுக்கத் திரும்பி வருது?"

"அந்தப் படத்துல வர்ற மாதிரிதான், மேடம்."

"அந்தப் படத்துல குடையே கிடையாதே."

நான் சிரித்தேன். பாவம், குரலைக் கேட்டால் சின்ன வயசு, படத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்று நினைத்தேன். "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றேன்.

"எங்க வீட்ல அதை எத்தனை தடவை பார்த்தோம்னு கணக்கே இல்ல மேடம். அண்ணன் போனா போனதுதான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதானே அந்த சீனே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்புறம் உங்க தமிழ்... நடுநடுவுல 'ஹௌதா'ன்னு வருது. 'அப்படியா'ன்னு சொன்னா போதுமே. நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்கேயே ஒருத்தரை வெச்சுத் திருத்திக்கலாமான்னு பார்க்கறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. குடை இல்லையாம்! நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில்தான் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு என்னைவிட அதிகக் கோபம்.

ஈரோட்டிலிருந்து வாழ வந்த அண்ணி மட்டும் சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்லீருந்து சொல்லீட்டே இருக்கறேன், யாராச்சும் கேட்டீங்களா? அந்தப் படத்துல கொடையும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க."

"நீ சும்னிரு" என்று அண்ணன் அவர் வாயை அடக்கினான். "அந்தக் குடைக்கு நான் தியேட்டர்ல அழுதிருக்கேன்."

கொள்ளேகாலில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்குப் போன் போட்டான். ஒருவர் விடாமல் குடை உண்டு என்றார்கள். பிடி மரமா, பிளாஸ்டிக்கா என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று குடும்பமே நின்றது. சரி, பார்த்துவிடுவோம் என்று படத்தைத் தேடிப் போட்டோம்.

மழை வந்தது. அண்ணன்காரன் போனான். எல்லாரும் அழுதார்கள். அடுத்த சீன் வந்துவிட்டது.

"கட் பண்ணிட்டாங்க, கணே" என்று என்னைக் கன்னட 'டீ' போட்டுச் சொன்னான் அண்ணன், பலமில்லாத குரலில். அண்ணி குத்திக்காட்டாமல் காபி போட எழுந்து போனார். அந்த மரியாதைதான் அதிகமாகச் சுட்டது.

பிறகு அவனே போனில் கன்னடப் படத்தைத் தேடி ஓட்டினான். அதே வீடு, அதே மழை, அதே கோபம். கதாநாயகன் போகிறான். திரும்பி வருகிறான். கதவுக்குப் பின்னால் கை நீள்கிறது. குடை! பிடி மரம்தான்.

எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. தமிழ்ப் படத்தைத் தியேட்டரில் பார்த்தோம். கன்னடப் படத்தை ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்தோம். கதை ஒன்று, கண்ணீர் ஒன்று. எது எந்த மொழி என்று எங்கள் மண்டை தனித்தனியாகக் கட்டி வைக்கவில்லை. சென்னைக்காரர் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. கன்னடம் மட்டும் தெரிந்த மண்டியாக்காரரும் செய்ய முடியாது. அவரவர் ஒரு படத்தைத்தான் பார்த்தார்கள். இது எங்களை மாதிரி ஆட்களுக்கே உரிய தப்பு.

மூக்கு உடைந்தது உடைந்ததுதான். திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்து குடையை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அப்பா பல்லி போனது, வரவில்லை. எபிசோடில் உயிரே இல்லை. கிண்டல் செய்ய எதுவும் மிச்சமில்லை. 'ஹௌதா'வை அடித்து 'அப்படியா' போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழில் ஒரு பல்லி பேசியது. எழுதி எழுதி அழித்தேன். எனக்கு அழுகையாக வந்தது. இன்னொருத்தர் இதைத் திருத்தி, என் பேருக்குப் பக்கத்தில் நிற்பார் என்று நினைத்தபோது அழுகை போய் ஆத்திரம் வந்தது. தப்பு எங்களுடையது என்றால், அந்தத் தப்பையே எழுதினால் என்ன?

புதன்கிழமை புது சீன் தயார். அப்பா பல்லி குடைக்குத் திரும்பி வருகிறது. அம்மா பல்லி வழியை மறிக்கிறது.

"நில்லு. அந்தப் படத்துல இது இல்லயே."

"இருக்கு."

"இல்லப்பா. இதே சுவத்துல தலைகீழா நின்னு முழுப் படமும் பார்த்தவ நான்."

"நீ இந்தப் பக்கச் சுவரு மட்டும் பார்த்தவ. நான் பாதிப் படம் இங்க பார்த்தேன். விளம்பரம் வந்ததும் வென்டிலேட்டர் வழியா பக்கத்து வீட்டுக்குப் போயிட்டேன். அவங்க டிவி கன்னட டிவி. மீதியை அங்க பார்த்தேன். நான் பார்த்த படத்துல அண்ணன் நனையல."

"ஹௌதா?"

"ஹௌது."

அம்மா பல்லி தானே போய்க் குடையை எடுத்து வந்து கொடுக்கிறது.

இதற்குப் புதிதாகப் படம் வரைய வேண்டும். வென்டிலேட்டர், பக்கத்து வீட்டு ஹால், அந்த வீட்டு டிவி, எல்லாம் கூடுதல் வேலை. டைரக்டருக்குத் தமிழ் புரியும், படிக்க வராது; வரைகிறவர்களுக்குத் தமிழே தெரியாது. அதனால் வரைகிறவர்கள் எல்லாரும் பார்த்திருக்க, நானே அப்பா பல்லியாகவும் அம்மா பல்லியாகவும் சுவரோடு ஒட்டி நின்று கன்னடத்தில் நடித்துக் காட்டினேன். கணக்குப் பார்க்கிற அம்மா இப்படிச் சுவரில் தவழ்ந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் சிரித்தார்கள். 'நனையல' என்ற இடத்தில் சத்தம் நின்றது. டைரக்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மாடோண, மேடம். செய்துடலாம்" என்றார். சேனலிடம் பேசி அடுத்த வாரம் வரை தவணையும் வாங்கினார்.

அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து பேசினான். 'அண்ணன் நனையல' என்ற ஒரு வரியை மட்டும் அவன் கத்தவில்லை.

புது எபிசோடைப் பார்த்துவிட்டுச் சேனல் அம்மாள் மறுபடி போன் செய்தார்.

"மேடம், ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்" என்றார். "ஹௌதாவும் இருக்கட்டும். எல்லா எபிசோடும் நீங்களே எழுதுங்க."

"சரிங்க மேடம்" என்று ரொம்ப நிதானமாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன். பல் டாக்டரிடம் வந்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி வாயெல்லாம் பல்லாக நின்றேன். என் தமிழை நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை, இரண்டு வீட்டு டிவி பார்த்துச் சேர்த்தது என்று அந்த மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் போலிருந்தது.

அதோடு முடியவில்லை. டைரக்டர் அந்தப் புது சீன் கன்னடத்திலும் வேண்டும் என்றார். நானே உட்கார்ந்து என் தமிழைக் கன்னடத்தில் எழுதினேன்; அம்மா பல்லி பார்த்தது தமிழ்ப் படம் என்று ஒரு வரி மட்டும் கூட்டினேன். அந்த எபிசோடைக் கன்னடத்தில் மறுபடி ஒளிபரப்பிய சாயங்காலம் அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். அண்ணன் மட்டும் தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டால் இன்னொரு பேப்பரை எடுத்துக் கிழித்தான்.

தலைப்புகள் ஓடின. ரீமேக் படங்களில் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு கார்டு வந்தது. என் பெயர், அதற்குக் கீழே கன்னட எழுத்தில், 'மூல: தமிழ்'. டைரக்டர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அண்ணனிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். அண்ணன் எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து, குவித்து வைத்திருந்த பேப்பர் துண்டுகளையெல்லாம் டிவியின் மேல் வாரி வீசினான்.

"யாருங்க கூட்டறது இதையெல்லாம்?" என்றார் அண்ணி.

"நான் கூட்டறேன். எத்தனையோ ஹீரோவுக்கு வீசியிருக்கேன். என் தங்கச்சி பேருக்கு இப்பத்தான் வீசறேன். நீயும் ரெண்டு வீசு."

அண்ணி குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். டிவிப் பக்கம் போகாமல், என் தலைமேல் கொட்டினார்.