பபூனின் இரண்டாவது மைக்

ஊரடங்குக்குப் பயந்து கோயில் திருவிழா நாடகங்களைப் பகலிலேயே போட்ட காலம். ஒலிபெருக்கி கட்டுவது என் தொழில். நெல்லியடிப் பக்கம் ஒரு நாடகத்தில்தான் அந்தப் பபூன் வேடக்காரரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். கன்னத்தில் பூசிய சிவப்பு வியர்வையில் கரைந்திருந்தது.

இருவர் பாடும் புருசன் பெண்சாதி சண்டைப் பாட்டை அவர் தனியே பாடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், இரண்டாவது மைக்கைக் கழற்றப் போனேன்.

"அது நிக்கட்டும் தம்பி. பெண்சாதியாய் வாறவன் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினவன். ஒரு தகவலும் இல்லை. உயரத்தையும் மாத்த வேண்டாம்."

மேடையில் தன் அடியைப் பாடிவிட்டு, அந்த மைக்கின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பெண்சாதியின் அடிக்கு ஆர்மோனியம் மட்டும் ஒலித்தது. ஒவ்வொரு அடிக்கும் அப்படியே நின்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு வயரைச் சுற்றிக்கொண்டே, "இண்டைக்குச் சனம் நல்லாச் சிரிச்சுது அண்ணை" என்றேன்.

"ஓம் தம்பி. அதாலைதான் அவன்ரை மறுமொழி கேக்கேல்லை."

பகிடிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று அவர் சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஆர்மோனியக்காரரும் மற்ற நடிகர்களும் சிரித்தார்கள்; சிரிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான்.