டார்ச்லைட் பிடித்த கை

கிரீஸும் பெட்ரோலும் கலந்த வாசனை... காதோரம் கொசு... கையில் ஒரு பிளாஸ்டிக் டார்ச்லைட்.

கல்யாணமான புதிதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான், நட்புகளே. பூவும் புடவையும் அப்புறம்தான்.

மலாக்கா பக்கம் மெர்லிமாவில், தாமான் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசல் போர்ச்தான் என் வீட்டுக்காரருக்குப் பட்டறை. பகலெல்லாம் பேக்டரி வேலை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால், யாராவது ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். போர்ச் லைட்டைப் போட்டால் எஞ்சின் மேல் இவருடைய நிழல்தான் விழும். அதனால் நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்க வேண்டும்.

அது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் புருஷனுக்கு டார்ச் பிடித்துப் பார்த்ததில்லை.

"சாந்தி, எங்க காட்டுற? நட்டு இங்க இருக்கு லா!"

"நீங்க தலைய உள்ள விட்டுக்கிட்டா நான் எங்கங்க காட்டுறது?"

சண்டை வராத நாளே கிடையாது. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று நான் திரும்பினால் வெளிச்சமும் என்னோடு திரும்பிவிடும். அதற்கு ஒரு கத்தல். ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்போது, என்னமோ நானே ரிப்பேர் செய்தது மாதிரி எனக்கும் பெருமையாக இருக்கும்.

பிள்ளை பிறந்து, வளர்ந்து, இவர் ரிட்டயரும் ஆகிவிட்டார். டார்ச் மட்டும் என் கையை விட்டுப் போகவில்லை.

போன வருடம் என் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தலை சீவக் கூட கையைத் தூக்க முடியாது. டார்ச்சை எங்கே தூக்குவது?

இவர் வண்டியோடு வருகிறவர்களிடம், "பார்ட்ஸ் கெடைக்கல தம்பி, வேற கடையில காட்டுங்க" என்று பொய் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். டார்ச்சை வாயில் கவ்விப் பார்த்தார். கட்டுப்பல் இடம் கொடுக்கவில்லை. பிறகு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இருந்த ஒரே சந்தோஷமும் என் தோளால் போய்விட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

"நெத்தி லைட்டு வாங்கி மாட்டிக்குங்களேன்" என்றேன்.

போய் வாங்கினார். எப்படி வாங்கினார் என்று கேளுங்கள்...

எங்கள் ரெண்டு பேருடைய அம்மாக்களும் ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்னே பால்மரம் வெட்டியவர்கள். தலையில் விளக்கு, இடுப்பில் பேட்டரிப் பெட்டி. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு லைட் என்றால் கனக்க வேண்டும். இவர் கடையில் இருந்த லைட்டையெல்லாம் கையில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"வெயிட்டா இருந்தாதான் லா சாமான் நிக்கும்!"

சாமான் நின்றது, கழுத்துதான் நிற்கவில்லை. குனிந்தால் லைட் சரிந்து மூக்கில் உட்காரும். சீக்கிரமே கழுத்துப் பிடித்துக்கொண்டது. வீடெல்லாம் தைல வாசனை. எனக்குத் தோள், அவருக்குக் கழுத்து... அந்த நேரத்தில் யாராவது மாலை மாற்றச் சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டிருப்போம்.

"போதும் சாந்தி. ஸ்பானரெல்லாம் யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்றார். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் அடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயமே வந்துவிட்டது.

எங்கள் மகள் கவிதா மலாக்கா டவுனில் வேலை செய்கிறாள். லீவு கிடைத்தால் கேம்பிங் என்று கிளம்பிவிடுவாள். அவளைக் கூட்டிக்கொண்டு கேம்பிங் சாமான் கடைக்கு நானே போனேன்.

கடையில் நின்ற மலாய்ப் பெண், தூரத்தில் இருக்கும் மரம் வரை அடிக்கிற லைட்டைக் காட்டினாள். எனக்கு எதற்கு மரம்? நட்டு ஒரு முழத்துக்குள்தான் இருக்கும். ரொம்ப வெளிச்சமாக அடித்தால் இரும்பு மின்னிக் கண் கூசும். அது இத்தனை வருடம் பிடித்த எனக்குத் தெரியாதா?

எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று இருந்தது. மாட்டியதே தெரியவில்லை. அதோடு குனிந்தேன், தலையை ஆட்டினேன், மேஜைக்கு அடியிலும் எட்டிப் பார்த்தேன்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க லா!"

"பாக்கட்டும். கீழ விழுவுதான்னு பாரு!"

விழவில்லை. லைட்டை மட்டும் கீழ்ப்பக்கம் சாய்க்கலாம். வெளிச்சம் பரவலாக, கண்ணைக் குத்தாமல் விழுந்தது. ஹேன்ட்போன் வயரிலேயே சார்ஜ் போடலாம் என்றாள் கவிதா. அதையே வாங்கினோம்.

இவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது வெளையாட்டுச் சாமான்."

இடது கையால் நானே அவர் தலையில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பியின் கப்சாய் வந்தது. பொய் சொல்லி அனுப்புவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஸ்பானர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தமும் கேட்டது.

அப்பாடா... அடுப்பங்கரையிலேயே அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம் பட்டறை பழையபடி நடக்கிறது. சண்டை இல்லை, "எங்க காட்டுற" இல்லை. நிம்மதிதான். ஆனால் இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டாரே என்று ஓரத்தில் ஒரு சின்ன வலியும் இருந்தது.

போன லீவில் கவிதா எங்களையும் கோலா சுங்கை பாரு கடற்கரைக்குக் கேம்பிங் கூட்டிப்போனாள். இருட்டுகிற நேரம். இவர் அந்த லைட்டை மாட்டிக்கொண்டு டென்ட் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் பாயில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் கயிற்றில் விழும்... அப்புறம் என் மேல் விழும். மறுபடி கயிறு, மறுபடி நான்.

"என்னங்க, ஏன் மூஞ்சில அடிக்கிறீங்க?"

"நான் எங்க அடிச்சேன்? சும்மா பாத்தேன்."

டார்ச் என் கையில் இருந்த காலமெல்லாம் நான் காட்டிய இடத்தில்தான் வெளிச்சம் விழுந்தது. இப்போது இவர் பார்க்கிற இடத்தில் விழுகிறது.

கண் கூசியது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சரி, பாருங்க" என்றேன்.