ரோண்டா அறுத்த கட்டை

தெற்கு டகோட்டாவின் அந்தச் சோளக்காட்டுப் பக்கத்தில் ரோண்டாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பனிப்புயலில் மற்ற டிரைவர்கள் போனைக்கூட எடுக்காத நாளிலும் வண்டியைக் கிளப்பிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம். துப்பாக்கியைத் தூக்கினால் அவளுக்கு மேல் அந்த வட்டாரத்தில் ஆண்பிள்ளை இல்லை. இதை அவளே சொல்வாள், ஆண்பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள். இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு இடத்தில் பிரேக் போடும்போது மட்டும் வயிறு எரியும். அது கர்ட்டின் வீட்டு கேட்.

கர்ட் அவளுடைய முன்னாள் கணவன். மகள் டெல்லா ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம். அப்பாவின் வாரங்களில், தான் பெற்ற மகளையே தன் பஸ்ஸில் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி ஏற்றிக்கொள்ள வேண்டும். கேட்டில் நின்று வழியனுப்புகிறவள் ஷெல்பி, கர்ட்டின் இப்போதைய மனைவி. முறைப்படி பார்த்தால் சக்களத்தி என்று சொல்ல முடியாது, ரோண்டா விலகி வந்து வெகுநாள் கழித்து வந்தவள்தான். ஆனால் டெல்லாவின் தலையை அழகாகப் பின்னிவிட்டு, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, கன்னத்தைத் தட்டி அனுப்புகிறவளைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவளுக்கு இந்த நியாயமெல்லாம் ஏறுமா?

ஷெல்பி நகரத்துப் பெண். ஆள் சின்னவள், பன்னிரண்டு வயது டெல்லாவைவிட நாலு விரல்கூட உயரமில்லை. ஊரில் பூக்கடை வைத்திருந்தாள். துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. இதுதான் ரோண்டாவுக்கு இருந்த ஒரே ஆறுதல். பின்னல் அவளுக்கு, வேட்டை எனக்கு என்று மனதுக்குள் பாகம் பிரித்து வைத்திருந்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை டெல்லா பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பாகப்பிரிவினையைக் கலைத்துப்போட்டாள்.

"அம்மா, ஷெல்பி எனக்குத் துப்பாக்கி வாங்கப் போறா!"

"யாரு?"

"ஷெல்பிதான். கடையில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கா. குட்டித் துப்பாக்கி. நடுவுல மடக்கித் திறக்கும். அதுவும் அவ சொந்தக் காசுல!"

"அவளுக்குத் துப்பாக்கியில எந்தப் பக்கம் வெடிக்கும்னு தெரியுமா?"

பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தன. டெல்லா சிரிக்கவில்லை. "நீ ஏம்மா இப்படிப் பேசற?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஊரில் முதல் துப்பாக்கி என்பது சும்மா விஷயம் இல்லை. பெரியவர்களுக்கான வேட்டை தொடங்குவதற்கு முன்னால், ஃபெசன்ட் என்கிற நீளவால் காட்டுக்கோழிச் சேவலைச் சுடப் பிள்ளைகளுக்கென்றே சில நாட்கள் ஒதுக்குவார்கள். கூட வரும் பெரியவர்கள் வெறுங்கையோடுதான் நடக்க வேண்டும். அன்று பிள்ளையின் கையில் இருப்பது யார் கொடுத்த துப்பாக்கி என்று ஊரே கேட்கும். கிழவனான பிறகும், இது எனக்கு இன்னார் கொடுத்தது என்றுதான் சொல்வான். டெல்லாவின் வாயில் காலத்துக்கும் ஷெல்பி பெயர் வரப்போகிறது என்று நினைத்தபோது ரோண்டாவுக்குக் காது சூடேறியது.

அவளிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. அவள் அப்பா ஆர்லன் கொடுத்தது. இருபது போர் அளவுக் குழல், தானாகத் தோட்டா ஏறிக்கொள்ளும், தோளில் அணைக்கிற பின்கட்டை வால்நட் மரம். அவளுக்குக் கொடுத்தபோது கட்டை நீளம், கை எட்டவில்லை. மற்ற அப்பாக்கள் பிள்ளையின் கைக்குத் தகுந்தபடி கட்டையை அறுத்துவிடுவார்கள். அறுத்த துண்டை எறியாமல் வைத்திருந்து, பிள்ளை வளர்ந்ததும் திரும்பவும் திருகிவிடுவார்கள். ஆர்லன் மாட்டேன் என்றார். "நீ வளந்துக்கோ, இதை நான் அறுக்க மாட்டேன்" என்றார். ரோண்டா வளரும்வரை பொறுத்திருந்தாள். அதனாலேயே அந்தத் துப்பாக்கிமேல் அவளுக்கு உயிர். வேறு யாராவது அதில் ரம்பம் வைப்பதாகச் சொல்லியிருந்தால் அவன் கையை உடைத்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே ரம்பம் வைத்தாள். மரம் சிம்பு தெறிக்காமலிருக்க டேப் சுற்றி, இரண்டு விரல் கனத்துக்கு அறுத்தாள். ஷெல்பி கடைக்குப் போவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் யோசனை. துண்டு கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

டெல்லா அம்மாவிடம் வந்த வாரத்தில் மேய்ச்சல் நிலத்தில் சுட்டுப் பழகுவது ஆரம்பமானது. ரோண்டா களிமண் தட்டுகளை ஆகாயத்தில் வீசுவாள், டெல்லா சுடுவாள். கட்டை அளவு கச்சிதம். நிற்கிற நிலையும் சரி. ஆனால் ஒரு தட்டுகூட உடையவில்லை. எல்லாம் இடப்பக்கமாகவே போயிற்று.

"கன்னத்தை ஒட்டி வைடி!"

"ஒட்டித்தாம்மா வெச்சிருக்கேன்."

"அப்ப கண்ணைத் திற!"

"ரெண்டும் திறந்துதான் இருக்கு!"

"பின்ன எப்படி ஒண்ணுகூட விழல? யாரோட மகள் நீ?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. டெல்லாவுக்கு உதடு துடித்தது. வாரக் கடைசியில் வலது தோளில் நாவல்பழ நிறத்தில் ஒரு கன்றலோடு அப்பா வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலைச் சவாரி முடிந்து ரோண்டா பஸ்ஸைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஷெல்பி கடைக்குப் போகிற வழியில் ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"ரோண்டா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு. தப்பா எடுத்துக்கறதா இல்லையான்னு அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமதான் கேக்கறேன். டெல்லா எதைப் பார்த்தாலும் இடது கண்ணாலதான் பாக்கறா. கடையில பூ சுத்தற அட்டைக் குழாய்ல எட்டிப் பாப்பா பாருங்க, அது இடது கண். சாவித் துவாரம், அதுவும் இடது. துப்பாக்கிக்கு மட்டும் வலது பக்கம் வெக்கறாளே, அதனால ஏதாவது ஆகுமா?"

ரோண்டாவின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. வலது கையால் எழுதுகிற பிள்ளை, அதனால் வலது தோள் என்று வைத்துவிட்டாள். ஆனால் குறி பார்க்கிற கண் இடது. அந்தக் கண் வலது தோளில் இருக்கிற துப்பாக்கியை இழுத்துக்கொண்டு போய் இடப்பக்கம் விடும். இது வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய முதல் காரியம். ஷெல்பியை முந்துகிற அவசரத்தில் கட்டையை அளந்தவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அதைவிடக் கசந்தது வேறொன்று. பெற்றவளுக்கு மகளின் கண் எதுவென்று தெரியவில்லை, பூக்கடைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் புரிந்தது. டெல்லா இடது தோளுக்கு மாறினால் ஆர்லனின் துப்பாக்கி அவளுக்கு உதவாது. காலித் தோட்டா வலப்பக்கம் தெறிக்கும், பிள்ளையின் மூக்குக்கு முன்னால் பறக்கும். ஷெல்பி பார்த்து வைத்திருக்கிறதோ நடுவில் மடங்கித் திறப்பது. எந்தத் தோளுக்கும் பொருந்தும்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள் ரோண்டா. "போய்ப் பூவைக் கட்டு."

ஷெல்பி முகம் சுருங்கிப் போனாள். ரோண்டா பஸ்ஸைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். அந்தக் குட்டித் துப்பாக்கியையும் டெல்லா வலது தோளில்தான் வைப்பாள், அதிலும் ஒன்றும் விழாது, அப்புறம் யார் கொடுத்த துப்பாக்கி என்ற பேச்சே எழாது என்று அவள் கணக்குப் போட்டாள். கேவலமான கணக்கு. கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளின் வேட்டைக்கு முந்தின நாள் கர்ட் போன் செய்து அவளைத் தன் வயலுக்குக் கூப்பிட்டான். ஷெல்பி வாங்கின துப்பாக்கி வந்துவிட்டதாம், அம்மா இல்லாமல் சுடமாட்டேன் என்று டெல்லா அடம் பிடிக்கிறாளாம். ரோண்டா போனாள். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தாள். குறை சொல்ல ஆசையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. நல்ல சரக்கு. டெல்லாவின் கைக்கென்றே செய்தது போலிருந்தது. அதற்கே அவளுக்கு எரிந்தது.

கர்ட் தட்டை வீசினான். டெல்லா வலது தோளில் வைத்துச் சுட்டாள். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. இன்னொன்று, மற்றொன்று, அதுவும் அப்படியே. ரோண்டா எதிர்பார்த்த மாதிரியேதான் எல்லாம் நடந்தது. ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

டெல்லா தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியை ஷெல்பியிடம் நீட்டினாள். குரல் அடங்கியிருந்தது.

"திருப்பிக் குடுத்துரு ஷெல்பி. உன் துப்பாக்கி மேல தப்பில்ல. அம்மாவோடதும் நல்ல துப்பாக்கிதான். எனக்குத்தான் வரல. நான் நாளைக்கு வரமாட்டேன். எப்பவுமே வரமாட்டேன்."

ஷெல்பி அவளை அணைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தன் பொறாமை மகளின் வாயால் 'எனக்குத்தான் வரல' என்று பேசுவதைக் கேட்டதும் ரோண்டாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"இங்க வா" என்றாள். "ரெண்டு கையையும் நீட்டு. நடுவுல சின்ன ஓட்டை விட்டுச் சேத்துப் பிடி. அது வழியா அப்பா தொப்பியைப் பாரு. இப்ப இடது கண்ணை மூடு. தொப்பி தெரியுதா?"

"இல்ல. காணோம்."

"அதைத் திறந்துட்டு வலதை மூடு."

"இப்பத் தெரியுது!"

"உன் கண் இடது. துப்பாக்கியை இடது தோள்ல வை. வலது கை முன்னாடி. விநோதமாத்தான் இருக்கும், பரவால்ல. கர்ட், வீசு."

முதல் தட்டு தப்பியது. இரண்டாவது ஓரத்தில் உடைந்தது. மூன்றாவது பொடிப்பொடியாகி ஆகாயத்தில் கருப்பாக ஒரு புகை நின்றது. டெல்லா போட்ட கூச்சலில் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

ஷெல்பி மட்டும் தட்டைப் பார்க்கவில்லை, ரோண்டாவைப் பார்த்தாள். மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"சம்பந்தமே இல்லேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பொறாமைதான், வேற என்ன? உன் பின்னலைப் பார்த்தா பொறாமை, நீ கட்டற சாப்பாட்டுப் பையைப் பார்த்தா பொறாமை. நீ நல்ல துப்பாக்கியா வேற வாங்கித் தொலைச்சுட்ட."

"பிள்ளையை அழ வெச்சுட்டீங்க" என்றாள் ஷெல்பி. ரோண்டா குனிந்து புல்லில் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கினாள்.

மறுநாள் சோள அறுவடை முடிந்த வயலோரம் டெல்லா நடுவில் நடந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், வெறுங்கையோடு. நாய் கிளப்பிவிட்ட சேவல் வாலை நீட்டிக்கொண்டு எழும்பியது. இடது தோளிலிருந்து ஒரே வெடி. நாய் கொண்டுவந்து போட்ட பறவையைத் தூக்கிக்கொண்டு டெல்லா நேராக ஓடினாள், ஷெல்பியிடம். "உன் துப்பாக்கி! உன் துப்பாக்கி!" என்று குதித்தாள். இரத்தத்தைப் பார்த்து ஷெல்பி முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். ரோண்டா பார்த்துக்கொண்டு நின்றாள். எரிந்தது. முந்தின நாளே பொறாமையை ஒத்துக்கொண்டதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்புறம்தான் டெல்லா திரும்பி வந்து, "இதைச் சுத்தம் பண்ணித் தாம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பறவையைக் கையில் திணித்தாள்.

பெரியவர்களின் வேட்டை தொடங்கும் வாரம், திங்கட்கிழமை காலை, கர்ட்டின் கேட்டில் பஸ் நின்றது. டெல்லா ஏறியதும் ரோண்டா கதவைச் சாத்தவில்லை. இறங்கினாள். பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தன.

"ஷெல்பி, நீயும் வேட்டைக்கு வரணும்னு டெல்லா உசுரை எடுக்கறா. உங்கிட்டத் துப்பாக்கி இல்லையாமே."

"அவ சும்மா சொல்றா. எனக்குச் சுடவே தெரியாது."

"நான் சொல்லித்தரேன். சனிக்கிழமை வா. எங்கப்பா துப்பாக்கி இருக்கு. உனக்கு அளவு சரியா இருக்கும், பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு அறுத்ததாச்சே."

ஷெல்பிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அதை எனக்கா குடுக்கறீங்க?"

"என் மகள் கையில உன் துப்பாக்கி. உன் கையில என் துப்பாக்கி. அப்பத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். ஊர்ல யாரும் கேட்டா ரோண்டா குடுத்ததுன்னு சத்தமாச் சொல்லணும்."

"சொல்றேன். அந்த அறுத்த துண்டு? அதையும் சேத்து வெச்சுக்கட்டுமா?"

ரோண்டாவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. ரம்பம் வைத்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

"அது கிடையாது" என்றாள். "நீ இனிமே வளரவா போற?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். முன் சீட்டில் டெல்லா புதுப் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். பின்னல் இன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.