அரிவாள்மனையில் நறுக்கிய டீசல் டியூப்

2005-ஆம் வருடம், கார்த்திகை மாதம். என் தங்கையை மணப்பெண்ணாக உட்காரவைத்துக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நான் வண்டி ஓட்டிப் போன காலை அது. முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போயிருக்க வேண்டும். அடைமழையில் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடியதால் யாரையும் விடவில்லை. விடிந்ததும் கொஞ்சம் வடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும் பஸ் ஓடவில்லை, சின்னக் கார்கள் போக முடியாது. எங்கள் பழைய டீசல் வண்டி நல்ல உயரம். அதில்தான் போவது என்று முடிவானது.

அந்த வண்டி, என் கணவர் துபாய்க்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போனது. பார்க்க ஜீப் மாதிரி இருக்கும், நீளமோ வேன் மாதிரி. அதற்கு வராத வியாதி கிடையாது. தூரம் போனால் சூடேறும், நின்ற இடத்தில் ஆயில் சொட்டும், சாமான் ஏற்றும் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. கடலூர் முதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மாதம் தவறாமல் கொண்டுபோவேன். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். பக்கத்திலேயே நின்று, இது என்ன, அது எதற்கு என்று மெக்கானிக்கின் உயிரை எடுப்பேன். சொந்தக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. என் தாய்மாமாவுக்கு ரொம்பவே.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த யானை? வித்துத் தொலைச்சுடு” என்பார்.

அன்று அதே மாமாதான் முன் சீட்டில், என் பக்கத்தில். பின்னால் பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாகத் தங்கை, அவளோடு அம்மா. அவர்களுக்கும் பின்னால் சீர் சாமான்கள்.

தண்ணீரையெல்லாம் மெதுவாகக் கடந்து புதுச்சத்திரம் தாண்டிவிட்டோம். அப்பாடா என்று நினைக்கும்போதே வண்டி திக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் தெரியாமல் தண்ணீர். சாவியைத் திருப்பினேன். கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை.

“திருப்பும்மா, விடாத, திருப்பிக்கிட்டே இரு!” என்றார் மாமா. திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். பேட்டரியும் போய்விட்டால் அந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண அங்கே ஆள் ஏது?

மாமா மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டார். “அவுங்க வண்டி அனுப்புறாங்களாம். ஆனா தண்ணி ஜாஸ்தியா இருக்காம், எப்ப வரும்னு தெரியலையாம்” என்றார். குரல் உடைந்திருந்தது. அம்மா அழத் தொடங்கிவிட்டார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கை நடுங்கியது. இருந்தும் இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். டேங்கிலிருந்து டீசல் வரும் ரப்பர் டியூப், ஃபில்டரில் மாட்டும் இடத்தில் ஈரமாக இருந்தது. விரலால் தடவினேன். நுனியில் பிளந்திருந்தது. அதன் வழியாகக் காற்றை இழுத்து, எஞ்சினுக்கு டீசல் போகாமல் நின்றிருக்கிறது. இப்படி ‘ஏர் பிடித்த’ வண்டியை மெக்கானிக் சரிசெய்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி, செய்ததில்லை.

பிளந்த நுனியை நறுக்கிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டினால் போதும். வண்டியில் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தன, நறுக்கத்தான் ஒன்றுமில்லை. சீர் சாமானில் புது அரிவாள்மனை இருந்தது ஞாபகம் வந்தது.

“ஐயோ, சீர்ப் பொருள்டி அது!” என்றார் அம்மா.

“கல்யாணம் நடந்தாத்தானம்மா அது சீரு!” என்றேன். அழுதுகொண்டே அவரே எடுத்துக் கொடுத்தார். வெண்டைக்காய் காம்பை நறுக்குவதுபோல டியூப் நுனியை நறுக்கி, மாட்டி, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கினேன்.

இனி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை ஒருவர் அழுத்த, இன்னொருவர் பக்கத்துத் திருகைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். மாமா வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் தங்கை இறங்கிவிட்டாள்.

“நகருங்க மாமா. என் கல்யாணம், நான் அடிக்கிறேன்.”

மருதாணிக் கையால் அவள் அழுத்த அழுத்த, திருகின் ஓரத்தில் டீசல் நுரைநுரையாக வந்தது. “அக்கா, கை வலிக்குது” என்றாள். “இன்னும் கொஞ்சம்டி” என்றேன். நுரை குறைந்தது. குமிழி நின்றது. டீசல் சுத்தமாக வழிந்ததும் திருகை இறுக்கினேன்.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருக்கும் என்று தோன்றியது. சாவியைத் திருப்பினேன். முனகியது, இழுத்தது, நிற்கப்போகிறது என்று நினைத்த நொடியில் ‘டப்’பென்று பிடித்து, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. தங்கை நடுரோட்டில் கத்திய கத்தலில் தண்ணீரில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. மாமா கைதட்டினார். சத்தியமாகக் கைதட்டினார்!

முகூர்த்தத்துக்கு முன்பே மண்டப வாசலில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போய் நிறுத்தினேன். எனக்கு முன்னால் இறங்கிய மாமா, “எங்க புள்ள தானே ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கிட்டு வந்துச்சு!” என்று மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். மேளக்காரரைக்கூட விடவில்லை. மேடையில் மாப்பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டு தங்கையிடம் ஏதோ கேட்டார். அவள் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு, கல்யாண போட்டோவிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகும் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் பாதி வழியில் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் பயம் போன பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பதில்லை, நடுங்கும் கையாலும் வேலை நடக்கும் என்பதை அன்றே தெரிந்துகொண்டுவிட்டேன்.