படம் பார்க்கப் போனவர்கள்

என் இருபத்தாறாவது வயதில் திருநெல்வேலியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் வங்கி ஊழியர், சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவர். மற்றவர் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாலை நேரங்களில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நாங்கள் பேசியதெல்லாம் ஜப்பானைப் பற்றித்தான். ஓவிய ஆசிரியருக்குப் பழைய புத்தகக் கடையில் ஜப்பானிய ஓவியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. ஓர் அலையை எப்படி வரைகிறார்கள், மழையை எப்படி வரைகிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் காட்டுவார். வங்கி நண்பர் மெட்ராஸில் இரண்டு ஜப்பானியப் படங்கள் பார்த்திருந்தார். அவற்றைக் காட்சி காட்சியாகச் சொல்வார். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் அப்பாவைச் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு ஜப்பான் பாஷை தெரியும். மலேயாவுல அவங்களோட ரயில்வேல இருந்தாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அன்றிலிருந்து எனக்கும் அந்த வட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்பா கல்யாணமான சில மாதங்களில் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். உலகச் சண்டை முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினார். "அங்க ரயில் பாதை போட்டோம்" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. தெருக்குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் "இச்சி, நீ, ஸான், ஷீ" என்று வாய்க்குள் எண்ணுவார். சிறுவயதில் ஒருமுறை நானும் அதை உரக்க எண்ணி, சிப்பாய் மாதிரி விறைத்து நின்று காட்டினேன். அப்பா என்னை அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். பெரியவர்களைக் கேலி செய்ததற்காக அடித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் ஜப்பானியக் கலை விழா ஒன்று நான்கு நாள் நடக்கப்போகிறது என்று வங்கி நண்பர்தான் பத்திரிகையில் பார்த்துவிட்டு வந்தார். தூரிகை எழுத்து, மலர் அலங்காரம், தேநீர் விருந்து, தினமும் மாலையில் இலவசமாக ஒரு படம். மூவரும் லீவு போட்டோம். ஜப்பானுக்கே கப்பல் ஏறுவது மாதிரி இருந்தது எங்களுக்கு. ஓவிய ஆசிரியர் புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'பயணம், முதல் நாள்' என்று எழுதிவைத்துக்கொண்டார்.

திருவனந்தபுரம் நான் வளர்ந்த ஊர். ஒன்பதாம் வயது முதல் படித்தது அங்கேதான். அப்பாவும் அம்மாவும் பழவங்காடிக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். பக்கத்திலிருந்த திருநெல்வேலிக்காரர் ஹோட்டலில் அப்பாவுக்கு மாவாட்டும் வேலை. இதை நான் நண்பர்களிடம் சொல்லவில்லை. அப்பா அங்கே செட்டில் ஆகிவிட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். "அப்ப ஒங்க வீட்டுலயே தங்கிரலாமே" என்று வங்கி நண்பர் கேட்டபோது, வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது என்றேன். நான் வரும் விஷயத்தை வீட்டுக்கும் எழுதவில்லை.

விடிவதற்கு முன் பஸ் ஏறி, காலை ஒன்பது மணிக்குத் தம்பானூரில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். அங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. குளித்துவிட்டு எதிர்த் திசையில், ஸ்டாச்சு பக்கம், விழா நடக்கும் ஹாலுக்குப் போனோம்.

காலை நிகழ்ச்சி நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வயதான ஜப்பானிய அம்மாள் ஒருவர் ஒரு கிளையையும் இரண்டு பூக்களையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவழித்தார். கடைசியில் அந்தக் கிண்ணத்தில் பூவை விடக் காலி இடம்தான் அதிகம் தெரிந்தது. பிறகு முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் தரையில் தாளை விரித்து, பெரிய தூரிகையால் ஒரே மூச்சில் ஓர் எழுத்து எழுதினார். சிரித்த முகம். ஜப்பானில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து வந்த மலையாளி இன்ஜினீயர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

யாருக்காவது கேள்வி உண்டா என்றதும் வங்கி நண்பர் எழுந்தார். கேள்வி கேட்கவில்லை. என்னைக் காட்டி, "என் நண்பரோட தகப்பனாருக்கு ஜப்பான் மொழி தெரியும். இந்த ஊர்லதான் இருக்காரு" என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. இன்ஜினீயர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னதும் அந்த இளைஞரின் முகம் மலர்ந்தது. இந்தியாவுக்கு வந்து பத்து நாளில் தன் மொழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லையாம். உடனே பார்க்க வேண்டும் என்றார்.

இன்ஜினீயர் என்னிடம் வந்தார். "அச்சன் இப்போ வீட்டில் உண்டோ, சாரே? வண்டி இருக்கு. மத்தியான ஊணு கழிக்கறதுக்கு முன்னே போய் வரலாம்."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

"அப்பக் கட்டாயம் பாக்கணுமே" என்றார் வங்கி நண்பர்.

என்னால் இன்னும் உறுதியாக மறுத்திருக்க முடியும். ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். காரில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கி மரியாதை செய்தால், அப்பாவின் வேலை யார் கண்ணிலும் படாது என்று ஒரு நப்பாசை. காரில் ஏறிய பிறகு, "உடம்பு முடியலன்னாலும் இந்நேரம் ஹோட்டல்ல இருப்பாங்க" என்றேன்.

"ஹோட்டல் வச்சிருக்காங்களா?" என்று ஓவிய ஆசிரியர் கேட்டார்.

"ம்" என்றேன்.

பழவங்காடி முக்கில் காரை நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்தோம். ஹோட்டலின் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு ஆட்டுக்கல். ஒன்றில் அப்பா குனிந்து உட்கார்ந்து உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார். மேலே சட்டை இல்லை. இடுப்பில் ஒரு காக்கி முண்டு. முழங்கை வரை மாவு. நண்பர்கள் இருவரும் அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள், முதலாளியைத் தேடி.

"அப்பா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு வரத் தொடங்கியது. அதற்குள் அந்த இளைஞர் எனக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, உரத்த உற்சாகமான குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். வணக்கமும் நலம் விசாரிப்புமாகத்தான் இருக்கும்.

அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது. குதிகால் இரண்டையும் சேர்த்தார். கைகளை விறைப்பாக இறக்கி உள்ளங்கைகளைத் தொடையோடு ஒட்டினார். நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குரலில், தொண்டை கிழியும்படி, ஜப்பானிய மொழியில் ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு இடுப்பிலிருந்து வளைந்து குனிந்தார்.

இளைஞருக்கு ஒரே சந்தோஷம். அவரும் பதிலுக்குக் குனிந்து நிமிர்ந்தார். கேமராவின் சத்தம் கேட்டது. இன்ஜினீயர், "நூற்று முப்பத்தாறுன்னு சொல்றார். நல்ல உச்சரிப்பு. ஆனா என்னத்துக்கு நூற்று முப்பத்தாறு?" என்று என்னைப் பார்த்தார். சமையலறை வாசலில் வேலைக்காரர்கள் வந்து நின்று சிரித்தார்கள்.

அப்பா நிமிரவில்லை.

"அப்பா, போதும். நிமிருங்க."

அவர் குனிந்தபடியே நின்றார். இளைஞர் மறுபடியும் ஒருமுறை குனிந்தார், இந்த முறை கொஞ்சம் குழப்பத்தோடு. கேமரா இன்னொரு முறை சத்தமிட்டது. நிமிரலாம் என்று யாராவது உத்தரவு தர வேண்டும், அதுவரை நிமிரக்கூடாது என்பது அவருக்கு அந்த நாட்களில் விதிக்கப்பட்ட சட்டம். அந்த உத்தரவுக்கு ஒரு வார்த்தை உண்டாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தது. அப்போது நான் போய் அவருடைய தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கினேன். முதுகு நனைந்து சில்லென்று இருந்தது. காக்கி முண்டில் இரண்டு பக்கமும் வெள்ளையாக அவருடைய கை பதிந்திருந்தது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டார்: "ஒன்னையும் எழுதிட்டானுவளாலே?"

"என்னத்தப்பா?"

"பேரு. பேரக் குடுத்திட்டியா?"

"ஒண்ணுமில்லப்பா. இங்க ஜப்பான் படம் காட்டுறாங்க. ஓசிப் படம். அதப் பாக்கத்தான் வந்தோம்."

அவரைச் சமாதானப்படுத்த நினைத்துத்தான் சொன்னேன். அவருடைய பிடி இறுகியது.

"போவாத" என்றார். "படத்துக்குப் போவாதலே. நாங்களும் அப்பிடித்தான் போனோம். வெளிய லாரி நிப்பாட்டியிருப்பான். எங்கூட ஏறினவன் ஒருத்தன்கூடத் திரும்பல."

மாவும் தண்ணீருமாக என் கையில் வழிந்தது. நண்பர்கள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு வார்த்தைகள் கேட்டிருக்காது. அப்பா ஏதோ ரகசியமாகக் கொஞ்சுகிறார் என்று நினைத்திருக்கலாம். இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளைஞர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

அதற்கடுத்து நான் செய்ததை இப்போதும் எந்தச் சமாதானமும் சொல்லாமல்தான் எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். "சாயங்காலம் வாறேன்பா" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போய்க் காரில் ஏறினேன்.

கார் பழவங்காடி முக்கிலிருந்து கிளம்பியது. பிறகு வங்கி நண்பர், "என்னவே, ஹோட்டல் வச்சிருக்காருன்னீரு" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஓவிய ஆசிரியர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். "அந்த வணக்கத்தப் பாத்தேளா? அந்தப் பணிவு அவங்களோட பழகுனாத்தான் வரும்" என்றார். நோட்டை எடுத்து எழுதவும் செய்தார்.

மாலையில் படத்துக்கும் போனேன். ஒரு கிழவரும் கிழவியும் பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வருகிறார்கள் என்பது வரை நினைவிருக்கிறது. திரையில் பேச்சு வரும்போதெல்லாம் என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். விளக்குப் போட்டதும் வங்கி நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்வே சினிமா" என்றார்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு மரத்தடியில் அப்பா நின்றார். அதே காக்கி முண்டு. ஒரு துண்டைத் தோளில் போட்டிருந்தார். இடத்தை விசாரித்துக்கொண்டு பழவங்காடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அப்படி எத்தனை நேரம் நின்றாரோ தெரியாது. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கின. சாலையைக் கடக்க, குறுக்கே வந்த ஒரு பஸ் போகட்டும் என்று காத்திருந்தேன். பஸ் போன பிறகு அவர் அங்கே இல்லை.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்குப் போனேன். அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார். அம்மாதான் சொன்னாள். தோட்டத்தில் ஜப்பான்காரர்கள் இலவச சினிமா என்று தண்டோரா போட்டார்கள். கொட்டகைக்குப் போனவர்களை வாசலை அடைத்து லாரியில் ஏற்றி, சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தினமும் காலையில் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். எண்ணைத் தப்பாகச் சொன்னால் மூங்கிலால் அடி. அப்பாவுக்கு முந்தின எண்ணுக்காரர் அப்பாவின் ஊர்க்காரர். காலில் புண் வந்து இறந்தார். மறுநாள் வரிசையில் அந்த எண்ணை வேறொருவர் சொன்னார்.

"எங்கிட்ட ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டாரு." பிறகு என்னை நேராகப் பார்த்து, "லாட்ஜிலயா தங்கியிருக்க?" என்று கேட்டாள். அவள் காப்பி போட உள்ளே போனாள்.

நண்பர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம். மீதி மூன்று நாளும் அவர்களோடுதான் இருந்தேன், சொல்லவில்லை. சொன்னால் ஹோட்டல் பொய்யிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி திரும்பிய பிறகு வங்கி நண்பர் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒரு போட்டிக்கு அனுப்பினார். 'நட்பு' என்று தலைப்பு வைத்திருந்தார். ஒரு பிரதி எனக்கும் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேலை மாற்றல் கேட்டு நாகர்கோவிலுக்குப் போன பிறகு இருவருக்கும் கடிதம் எழுதுவதை நிறுத்தினேன். ஏன் என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மீது நியாயமாகச் சுமத்த ஒரு குற்றமும் என்னிடம் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்பா அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். என்னிடம் பேசாமலிருக்கவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். ஓணத்துக்கு லீவில் போயிருந்தேன். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கு வந்தவனுக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டார்.

"முப்பது இருக்கும்பா."

சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அப்ப அவன் கைக்குழந்தையாட்டு இருந்திருப்பான்" என்றார். "அவனுக்கு என்ன தெரியும், பாவம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மோரை எடுத்து ஊற்றச் சொன்னார்.