நாற்பத்து மூன்றாம் அத்தியாயம்

நேற்று முன்தினம் கூரியரில் என் புத்தகம் வந்தது. எழுபத்தோரு வயதில் ‘என் புத்தகம்’ என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சரி சொல்வதற்காக அனுப்பிய ஒரே ஒரு மாதிரிப் பிரதி. உறையைப் பிரித்ததும் வேறு யாராக இருந்தாலும் அட்டையில் தன் பெயரைத் தேடியிருப்பார்கள். நான் பக்கங்களை எண்ணினேன். நூற்று எண்பத்து நான்கு. கடைசிப் பக்கத்திலும் அதே எண்தான் அச்சாகியிருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். என் குணம் அப்படி. வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனால் சாமியைவிட முன்னால் நிற்கும் தலைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

பிறகு புத்தகத்தை விரித்து மூக்கருகே வைத்தேன். பசையும் மையும் அட்டையும் சேர்ந்த ஒரு வாசனை. அது புத்தக வாசனை இல்லை. டைம் ஆபீஸ் வாசனை.

ஒரகடத்தில் இப்போது இருக்கிற பளபளப்பெல்லாம் வருவதற்கு முன்பு, அங்கே ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் டைம் கீப்பராக இருந்தேன். மாதம் பிறந்தால் கட்டுக்கட்டாகப் புது அட்டைகள் வரும். ஆளுக்கு ஒன்று. சுவரில் ஒரு கடிகார இயந்திரம். அட்டையை அதன் வாயில் செருகினால் ‘டக்’கென்று கடித்து, மணியைப் பதித்துத் திருப்பித் தரும். அந்த மையும் அட்டையும் கலந்த வாசனையைத்தான் இந்தப் புத்தகம் கொண்டுவந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வாசனைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

காலை ஷிப்டுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி பஸ் ஐந்தே காலுக்குக் கிளம்பும். அதில் வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள் நாற்பத்து மூன்று பேர். பெரும்பாலும் தெற்கத்திப் பையன்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கியிருப்பார்கள். நானும் அதே பஸ்ஸில் ஏறி, தலைகளை எண்ணி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிற்சாலைக்குப் போன பின் அந்த எண்ணிக்கையையும் அன்று போட்ட அட்டைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் அட்டை போட்டுவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வான். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

டிரைவர் கஜேந்திரன் உள்ளூர்க்காரர். தினமும் ஒரே கேலி.

“இன்னா சார், எண்ணிக்கினே கீறியே! நீ முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆய்டுவேன் போல. என்னியும் சேத்துக்கினியா?”

“உன்னைச் சேர்த்தா நாற்பத்து நாலு. நீ கணக்குல கிடையாது.”

“நாந்தான்யா வண்டியே ஓட்றேன். நான் கணக்குல இல்லியாம்!”

இந்த நாற்பத்து மூன்று பேரைப் பற்றித்தான் நான் எழுதியிருக்கிறேன். ஆளுக்கு ஓர் அத்தியாயம். யார் எந்த இருக்கை, யாருக்கு எந்த ஊர், யார் தூக்கத்தில் யார் தோளில் சாய்வான், எல்லாம். கடைசி அத்தியாயம் பேச்சிமுத்துவினுடையது.

திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன். கடைசிக்கு முந்தைய வரிசை, ஜன்னலோரம். ஒரு நாள் சாயங்காலம், லீவு கேட்டுக் கிடைக்காமல், சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டான். “நீ போயிட்டு வால, அட்டைய நாங்க பாத்துக்கிடுதோம்” என்று அறைத் தோழன் இசக்கி சொல்லி அனுப்பியிருக்கிறான். சொன்னபடியே மறுநாளிலிருந்து அவனுடைய அட்டையையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். ஐந்து ஐம்பத்தொன்றுக்கு இசக்கி, ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பேச்சிமுத்து. பதினோரு நாள்.

உள்ளே யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கான்ட்ராக்ட் ஆள், ஒரு நாள் லோடிங், ஒரு நாள் பேக்கிங். இங்கே இல்லையென்றால் அங்கே இருப்பான் என்று இவர்கள் நினைப்பார்கள். அங்கே இல்லையென்றால் இங்கே இருப்பான் என்று அவர்கள்.

நான்காம் நாள் டைம் ஆபீசுக்குப் போன் வந்தது. அவனுடைய அப்பா.

“ஐயா, எம் மவன் பேச்சிமுத்து அங்கன இருக்கானா?”

“டூட்டியில இருக்கான். காலையில அஞ்சு அம்பத்திரெண்டுக்குக் கார்டு போட்டிருக்கான்.”

“ஊருக்கு வாரேன்னு சொன்னான். வரலயேன்னுதான்… நல்லா இருக்கானா ஐயா?”

“நல்லா இருக்கான்.”

நல்லா இருக்கான் என்பது அட்டையில் இல்லாதது. நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஆறாம் நாளும் எட்டாம் நாளும் அவர் பேசினார். அதே கேள்வி, அதே பதில். மூன்று தடவை.

பதினோராம் நாள் நண்பகலில் அவரே கேட் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. ‘ரெண்டு மணிக்கு ஷிப்ட் விடும், பையன் வருவான்’ என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இரண்டு மணிக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து இரண்டில் நின்றுவிட்டது. கடைசி ஆள் போன பிறகும் அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறப் போன இசக்கி அவரைப் பார்த்ததும் திரும்பி வந்து, “சித்தப்பா, நீங்க எப்படி இங்க? அவன் ஊர்லலா இருக்கான்?” என்றான்.

அவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

கிளம்பிய அன்றே, ஊருக்குப் பஸ் ஏறப் போகிற வழியில், அவனை லாரி அடித்திருக்கிறது. பையைக் காணவில்லை, சட்டைப் பையில் ஒரு தாள்கூட இல்லை. அடையாளம் தெரியாத ஆளாகப் பிணவறையில் வைத்திருந்து, தேடி யாரும் வராததால் ஒன்பதாம் நாள் புதைத்துவிட்டார்கள். அப்பாவுக்குக் காட்டியது ஒரு போட்டோவும் ஒரு சட்டையும்தான். முதல் போன் வந்தபோதே நான் எழுந்து இருபது அடி நடந்து, பேக்கிங்கில் எட்டிப் பார்த்திருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பார்.

இசக்கிக்கு வேலை போனது. எனக்கு ஒரு மெமோ.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். முதலில் கையெழுத்துப் பிரதியைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குத்தான் அனுப்பினேன். ஏழு மாதம் சத்தமே இல்லை. எட்டாம் மாதம் ஆசிரியர் குழுவிலிருந்து கயல் என்ற பெண் கூப்பிட்டாள். முழுவதையும் படித்திருக்கிறாள், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒருவனுக்கு இரண்டு ஊர் எழுதியிருந்ததைக்கூடப் பிடித்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்.

“சார், அந்தப் பதினோரு நாளும் பஸ்ல தலை எண்ணுனீங்கன்னு எழுதியிருக்கீங்க. கார்டுக்கும் தலைக்கும் எப்படி சரியா வந்துச்சு?”

“வந்தது. நாற்பத்து மூன்று.”

“ஆள் இல்லையே சார்.”

“எண்ணினேனம்மா.”

“எண்ணாமலே எழுதிட்டேன்னு ஒரு வரி போட்டுடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இல்லைன்னா ஆவிக் கதைன்னு நினைப்பாங்க. இப்படி நடுவுல விட்டா எங்க ஆபீஸ்ல யாரையும் என்னால நம்ப வைக்க முடியாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிடுகிற இட்லியை எண்ணுகிறவன், ஏறுகிற படியை எண்ணுகிறவன், பஸ்ஸில் எண்ணாமல் எழுதினேனாம். அந்த வாரமே, நம் செலவில் நாமே போட்டுக்கொள்ள உதவுகிற ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். அங்கே பிரவீன் என்ற பையன்.

“கன்டென்ட்ல நாங்க கையே வைக்க மாட்டோம் சார். நீங்க குடுத்தது அப்படியே வரும். இருபது நாள்ல புக்கு உங்க கையில.”

“படிச்சுப் பார்த்தீங்களா தம்பி?”

“சூப்பரா இருக்கு சார். அட்டைக்கு நீலம் போடலாமா, சாம்பலா?”

அதுதான் நேற்று முன்தினம் வந்தது. நீலம். போனில் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்புதல் கொடுத்தால் போதும். என் வயதுக்கு இருபது நாள் என்பது பெரிய வசதி. பதிப்பகம் என்றால் வரிசையில் நின்று வருஷக் கணக்காகும். ஆனால் அந்த வாசனை வந்ததிலிருந்து விரல் பொத்தானுக்குப் போகவில்லை. கேள்வி கேட்காத இடமாகப் பார்த்துத்தான் போனேனோ என்று ஓர் அரிப்பு.

நேற்று காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். இசக்கி அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், அவ்வப்போது பார்ப்பதுண்டு. தலை பாதி நரைத்துவிட்டது. அவனிடம் இருபது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அந்தப் பதினோரு நாளும் ஜன்னலோரம் யார் உட்கார்ந்தது?

“யாரும் உக்காரல அண்ணாச்சி. அவன் சீட்டுல்லா? கர்ச்சீப்பு போட்டு வச்சிருந்தோம்.”

உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். இருக்கையில் கர்ச்சீப் கிடந்தால் ஆள் இருக்கிறான். டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து தொற்றிக்கொள்கிறவர்கள் தினமும் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்காக நின்றுகொண்டிருந்தால் வண்டி கிளம்பாது. கர்ச்சீப்பையும் ஒரு தலையாக எண்ணுவது என் வழக்கம். எண்ணினேன் என்பது பொய் இல்லை. எண்ணியது ஆளை இல்லை.

அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. விடை கிடைத்துவிட்டதே என்று கிளம்பப் பார்த்தேன். இசக்கி இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

“ஆனா ஒண்ணு அண்ணாச்சி. எட்டு நாளுதான் கெடந்துச்சு. ஒம்பதாம் நாளு அந்தக் கர்ச்சீப்பைக் காணல. எவனோ எடுத்துட்டான், இன்னைக்கு மாட்டுனோம்னு உக்காந்திருந்தேன். நீங்க எண்ணிக்கிட்டு வந்தீய, அந்தச் சீட்டு முதுகுல தட்டுனீய, நாப்பத்திமூணுன்னு சொல்லிட்டுப் போயிட்டீய. அப்புறம் ரெண்டு நாளும் அப்படித்தான். நீங்க தெரிஞ்சே எங்களக் காப்பாத்துதீயன்னு நெனச்சேன்.”

“நான் ஒண்ணும் தெரிஞ்சு செய்யலையே இசக்கி.”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். சவாரி வந்தது. போய்விட்டான்.

ஒன்பதாம் நாள். அவனைப் புதைத்த நாள். பிளாட்பாரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அந்த மூன்று காலையும் நான் அந்த வரிசைக்குப் போனதை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. பனிக்காற்று முகத்தில் அடித்தது. தட்டிய இடம் கைக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கயலுக்கு எழுதினேன். “எட்டு நாள் ஒரு கர்ச்சீப்பை எண்ணினேன். மூன்று நாள் எதை எண்ணினேன் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய அப்பாவிடம் மூன்று தடவை நல்லா இருக்கான் என்று சொன்னது நான்தான்.” சாயங்காலம் பதில் வந்தது. “இப்படியே இருக்கட்டும் சார், இனி ஒரு வரியும் தொட மாட்டேன். ஆனா வரிசைப்படி அடுத்த வருஷக் கடைசிதான், பரவாயில்லையா?” கூட்டிப் பார்த்தேன். எழுபத்து மூன்று ஆகிவிடும். பரவாயில்லை என்று எழுதிவிட்டு, வேண்டாம் என்று பிரவீனுக்கும் சொல்லிவிட்டேன். “சார், பிரிண்டிங்ல ஏதாச்சும் மிஸ்டேக்கா?” என்று கேட்டான் பாவம். இல்லை தம்பி, பிரிண்டிங் பிரமாதம் என்றேன்.

இன்று காலை வல்லக்கோட்டை ரோட்டில் நடந்தேன். ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இப்போது அட்டை கிடையாது. கேட்டில் ஒரு கருவி முகத்தைப் பார்த்துக்கொள்கிறதாம். ஒருவன் வரவில்லையென்றால் ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கே தெரிந்துவிடும். எந்த அப்பாவுக்கும் எவனும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒருவனுக்காக இன்னொருவன் வந்ததாகக் காட்டவும் முடியாது. டைம் கீப்பர் என்ற வேலையே இல்லை. பஸ்களின் ஜன்னல்களெல்லாம் கறுப்புக் கண்ணாடி, ஏசிக்காக இறுக மூடியவை. ஓரமாக நின்று பழக்கதோஷத்தில் பார்த்தேன். மொத்தம் பதினாறு பஸ்கள் போயின. ஒன்றிலும் உள்ளே ஒரு தலை தெரியவில்லை.